மாதர் கைப்பணி மன்றம், திருகோணமலை: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவி அவர்களுக்கும் வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், அறிக்கையின் பிரதி அவர்கள் வீடு தேடி வரும்.

நிர்வாகக் குழு 7 தடவை கூடியது. நவராத்திரியும் பொங்கலும் வழமைபோல் நடந்தன. மகா சிவராத்திரிக்குக் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் தண்ணீர்ப் பந்தல் வைத்தோம்.

இனி சனிக்கிழமை வகுப்பு. உலர்பூ மாலையும் கம்பளிப் பின்னலும் என் யோசனை என்பதால், வெளியில் பேசப்படுவனவற்றுக்கு நானே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் கட்டிய பூக்களில் பூஞ்சணம் பிடித்தது உண்மை. வாடாமல்லியை ஐப்பசியில் பறித்தோம், மழை பிடித்துக்கொண்டது. என் வீட்டுக் களஞ்சிய அறையில் தொங்கவிட்டதால்தான் கெட்டது என்கிறார்கள். மாரியில் இந்த ஊரில் யார் வீட்டில் துணியாவது காய்கிறது? கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வரும்வரை பொறுப்போம் என்று நான் சொன்னபோது, நிலக்கடலைக்கும் அதே பெயர் என்பதால், “வறுத்ததா, அவித்ததா?” என்று ஒருவர் கேட்டார். சிரித்தவர்களின் பெயர்கள் குறிப்பேட்டில் இல்லை, எனக்கு நினைவிருக்கிறது.

ஆனியில் கச்சான் காற்று வீசியது. நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்ட பூக்கள் இரண்டு வாரத்தில் நிறம் மாறாமல் காய்ந்தன. வாடாமல்லியில் நாம் இதழ் என்று நினைப்பது கடதாசி போன்ற செதில். அதில் ஈரம் குறைவு. ஆனாலும் ஊசியை அவசரமாக ஏற்றினால் பூ உதிர்ந்துவிடும். வாடிய பூவைச் சாமிக்குச் சாத்தலாமா என்றும் கேட்டார்கள். நான் கோயிலுக்கென்று சொல்லவே இல்லை. வீட்டில் மாட்டியிருக்கும் அம்மா அப்பா படங்களுக்கென்றுதான் சொன்னேன்.

பின்னலுக்குப் பெயர் கொடுத்தவர்கள் 16 பேர். ஆடியில் எஞ்சியவர்கள் 4 பேர். இந்த வெக்கையில் கம்பளித் தொப்பி யாருக்கு என்று கேட்டவர்கள், தை மாதத்தில் நுவரெலியாவில் ஒரு நாள் விடியற்காலை நின்று பார்க்கலாம். 9 தொப்பிகள் அங்குள்ள பிள்ளைகளுக்குப் போயின. என் முதல் தொப்பியில் 8ஆம் வரியில் நழுவிய கண்ணியை 31ஆம் வரியில்தான் கண்டேன். முடிச்சுப் போட்டு மறைக்கப் பார்த்தேன். பக்கத்திலிருந்த மூத்த அங்கத்தவர் ஒன்றும் பேசாமல் ஊசியை வாங்கி, முழுவதையும் உருவிவிட்டார். நழுவிய கண்ணியை மட்டும் கொக்கி ஊசியால் தூக்கிவிடலாமே என்றேன். மேலே இன்னும் இரண்டு பிழை இருக்கிறது என்றார். அன்று முழுவதும் நான் அவருடன் பேசவில்லை. கண்புரை வெட்டிய கண்ணோடு அவர் தம் தொப்பியையே மூன்று தடவை பிரித்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. “பொறுமை பழகுவோம்” என்று வகுப்பு அறிவித்தலில் எழுதியவள் நான்.

அங்கத்தவர்கள் 43 பேர். ஆண்டுச் சந்தா 500 ரூபா செலுத்தியவர்கள் 18 பேர். மீதிப் பேரின் வீடுகளுக்கு இரண்டு தடவை போனேன், தேநீர் கிடைத்தது.

பொருளாளர் மகளின் பிரசவத்துக்காகக் கொழும்பில் நிற்கிறார். ஆகவே கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: வரவு போதவில்லை, செலவு கட்டுப்பாட்டில் இருந்தது, குறைந்ததை ஒருவர் தம் கையிலிருந்து போட்டார். அவர் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. நூலும் ஊசியும் வாங்கிய பற்றுச்சீட்டுகள் என்னிடம் இருக்கின்றன.

தலைவி, நிர்வாகக் குழுவினர், மண்டபம் தந்தவர்கள், கதிரை அடுக்கிய பிள்ளைகள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இப்பதவியில் தொடரும் எண்ணமில்லை என்று பலரிடம் சொல்லிவிட்டேன். எவரும் மறுத்துச் சொல்லவில்லை என்பதையும் கவனித்தேன். யார் வந்தாலும் பங்குனிக்குள் வாடாமல்லி விதைக்க வேண்டும். அப்போதுதான் கச்சானுக்குப் பூ இருக்கும். விதைப் போத்தலும் அலுமாரிச் சாவியும் என் வீட்டில். சந்தாப் புத்தகம் இன்று கைப்பையில் இருக்கிறது. தேநீருக்கு முன் வந்தாலும் எழுதித் தருவேன்.