தாத்தா கட்டி வைத்த தீபாவளிக் கதைகள்

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு,

தீபாவளியன்று காலையில் நீ அழைத்து, இந்த ஆண்டும் விடுப்புக் கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டபோது, "பரவாயில்லை, இங்கே எல்லாம் வழக்கம்போல்தான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையில் அதிரசத்துக்குப் பாகு முற்றிப்போய், தட்டினால் ஓடு போல் உடைந்தது. உன் அப்பா எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஒரே ஒரு சரத்தை வாசலில் கொளுத்திவிட்டு, பத்து மணிக்கெல்லாம் தூங்கப் போய்விட்டார். அன்று இரவுதான் மர அலமாரியின் மேல் தட்டிலிருந்து தாத்தாவின் அந்தத் தடித்த தொகுப்பை இறக்கினேன். அதன்பின் இரவுக்கு ஒரு கதையாகப் படித்து முந்தாநாள்தான் முடித்தேன். அதைப் பற்றி உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. தொலைபேசியில் சொன்னால் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவோம்.

அந்தத் தொகுப்பை நீ சிறு வயதில் பார்த்திருப்பாய், படித்திருக்க மாட்டாய். தாத்தா கோவில்பட்டியில் பள்ளி எழுத்தராக இருந்தபோது, தீபாவளி வந்தால் அவரும் நண்பர்கள் மூவரும் ஆளுக்கொரு மலர் வாங்குவார்கள். ஒருவர் விகடன் மலர், ஒருவர் கல்கி மலர், ஒருவர் கலைமகள் மலர், மற்றவர் அமுதசுரபி மலர். பொங்கலுக்குள் நான்கும் நான்கு வீடுகளைச் சுற்றி வந்துவிடும். தன் மலரிலிருந்து கதைகளைக் கம்பி நீக்கிப் பிரித்து எடுத்துக்கொள்வார். அடுத்தவர் மலரில் பிடித்துப்போன கதையைப் பள்ளியின் பழைய பேரேட்டுத் தாளில் கையால் எழுதி வைத்துக்கொள்வார். மலரில் வராத கதையாக இருந்தாலும், இதனோடு இருக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டால் அதையும் எழுதிச் சேர்ப்பார். அப்படிச் சேர்ந்தவற்றை ஒரு நாள் பைண்டரிடம் கொடுத்துக் கெட்டி அட்டையும் காலிகோ முதுகும் போட்டுக் கட்டிவிட்டார். மைதாப் பசையில் மயில்துத்தம் கலக்கச் சொல்லி அவர் பக்கத்திலேயே நின்றது எனக்கு நினைவிருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் இராமபாணப் பூச்சி ஓரிரு பக்கங்களைத்தான் தொட்டிருக்கிறது.

மொத்தம் இருபத்தொரு கதைகள். எல்லாம் நல்ல கதைகள் என்று சொல்ல மாட்டேன். நான் எண்ணிப் பார்த்தேன், ஒன்பது கதைகளில் கடைசிப் பக்கத்தில் தபால்காரர் வருகிறார். பட்டணத்துப் பிள்ளையிடமிருந்து மணியார்டர் வராது என்று வீடே சோர்ந்து உட்கார்ந்திருக்கும், விடிவதற்குள் அல்லது விடிந்ததும் சைக்கிள் மணி கேட்கும். இன்னும் நான்கில் பிள்ளையே தகரப் பெட்டியோடு ரயிலிலிருந்து இறங்கிவிடுகிறான். மூன்று தலைதீபாவளிக் கதைகள். மூன்றிலும் மாப்பிள்ளைக்கு மோதிரம் போதவில்லை, மூன்றிலும் மாமனார் கடன் வாங்குகிறார். படங்கள்தான் கதைகளைக் காப்பாற்றுகின்றன. கோபுலுவின் கோடுகளில் அந்த மாப்பிள்ளை ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும் தோரணையைப் பார்த்தாலே போதும், கதையைப் படிக்க வேண்டியதில்லை. இவ்வளவு பேர் வீட்டைப் பற்றி எழுதியும், முதல் நாள் இரவு முழுவதும் அடுப்பின் முன் உட்கார்ந்து முறுக்குப் பிழிந்தவள் மறுநாள் எப்போது குளித்தாள் என்று ஒருவரும் எழுதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் குறைகளெல்லாம் மறந்துபோனது, பேரேட்டுத் தாளில் தாத்தா கையால் எழுதிவைத்த இரண்டு கதைகளுக்கு வந்தபோதுதான். இரண்டும் இடைசெவல்காரர்கள் எழுதியவை. கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்கு வரும் பேருந்து இடைசெவலைத் தாண்டும்போதெல்லாம் தாத்தா சன்னல் வழியே கையைக் காட்டி, "இந்தச் சின்ன ஊரில் ஒரே ஆண்டு, ஒரே மாதத்தில் இரண்டு எழுத்தாளர்கள் பிறந்தார்கள்" என்பார். 1923 செப்டம்பரில் பிறந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும்தான் அவர்கள். முன்னவர் 1970இல், ஐம்பதைக்கூட எட்டாமல் மறைந்தார். பின்னவர் 2021 வரை இருந்தார்.

கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' அசல் தீபாவளிக் கதை. பணக்கார வீட்டுப் பையன் ஒருவன் தன் பட்டுச் சட்டையைக் காட்டி ஏழை வீட்டுப் பிள்ளைகளிடம் பெருமை பேசுவதில் தொடங்குகிறது. அந்த ஏழை வீட்டுக்குத் தீபாவளி நேரத்தில் உடம்பெல்லாம் சிரங்கோடு, துணியும் இல்லாமல், யாருமற்ற ஒரு சிறுவன் வந்து சேர்கிறான். பெயர் ராஜா. தன் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது போலவே அவனையும் குளிப்பாட்டிய அந்தத் தாய்க்கு, உடுத்திவிடத்தான் ஒன்றும் இல்லை. கணவனுக்கென்று வைத்திருந்த துண்டு அவன் இடுப்புக்குப் போகிறது. தன் வீட்டுக்கு உண்மையிலேயே ராஜா போன்ற மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்று அந்தப் பணக்கார வீட்டுப் பையன் சொன்னால், எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்று இந்த வீட்டுச் சிறுமி சொல்லிவிடுகிறாள். தபால்காரர் வரவில்லை, மணியார்டர் வரவில்லை, துண்டு திரும்பக் கிடைக்கவும் இல்லை. மற்ற இருபது கதைகளையும் எழுதியவர்கள் இதைப் படித்துவிட்டு எழுதியிருக்கலாமே என்று எனக்குக் கோபம் வந்தது.

அடுத்தது கி.ரா.வின் 'கதவு'. இதில் பண்டிகையே இல்லை. தீர்வை கட்டவில்லை என்று ஒரு குடிசையின் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதுவரை பிள்ளைகள் அந்தக் கதவைப் பேருந்தாக்கி, டிக்கெட் கொடுத்து, ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள். அதில் தீப்பெட்டிப் படம்கூட ஒட்டியிருந்தார்கள். தீப்பெட்டி ஊரில் வளர்ந்த எனக்கு அந்த இடம் வந்தாலே தொண்டை அடைக்கும், நானும் எங்கள் வீட்டுக் கதவில் ஒட்டி அடி வாங்கியிருக்கிறேன். கதவு போனபின் குளிர்காற்று நேராக உள்ளே வருகிறது, கைக்குழந்தை தாங்கவில்லை. பின்னொரு நாள் அந்தக் கதவு கறையான் அரித்துக் கிடப்பதைக் கண்டுபிடிக்கும் பிள்ளைகள் அதைக் கட்டிப்பிடித்துக்கொள்வதோடு கதை முடிகிறது.

இதை ஏன் தீபாவளிக் கதைகளோடு சேர்த்துக் கட்டினார் என்று இத்தனை ஆண்டுகளில் நான் யோசித்ததே இல்லை. பொருத்தம் பார்க்காமல் செருகிவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அடுத்தடுத்த இரவுகளில் இரண்டையும் படித்தபின், அவர் தெரிந்துதான் செய்திருக்கிறார் என்று நினைக்கிறேன். முதல் கதையில் வீட்டில் ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒருவன் உள்ளே வர முடிகிறது. இரண்டாவது கதையில் அந்தக் குடும்பத்துக்கு உள்ளே, வெளியே என்ற பேதமே இல்லாமல் ஆக்கிவிடுகிறார்கள். மலர்களில் வந்த மற்ற கதைகளுக்கு வீடு என்பது ஊருக்குப் போய்ச் சேரும் இடம், அவ்வளவுதான்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். தாத்தாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. கதையைப் படித்து முடித்த தேதியை ஓரத்தில் பென்சிலால் குறித்துவைப்பார். பெரும்பாலானவற்றில் ஒரு தேதி, சிலவற்றில் இரண்டு. 'ராஜா வந்திருக்கிறார்' கதையின் கடைசித் தாளில் ஐந்து இருந்தன. நான்காவதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன்: "1992, தீபாவளி, இரவு 11."

1992 தீபாவளிக்கு உனக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை செருகிய வீட்டிலிருந்து யாரும் வெளியூர் போகக் கூடாது என்று உன் அப்பாயி சொல்லிவிட்டார்கள். திருமணமானபின் நான் கோவில்பட்டிக்குப் போகாமல் இருந்த முதல் தீபாவளி அது. அப்போது அங்கே தொலைபேசி கிடையாது. நான் எழுதிய கடிதத்துக்கு ஒரு அஞ்சலட்டையில் பதில் வந்தது. குழந்தைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை கவனமாக இருக்கச் சொல்லிவிட்டு, "இங்கே எல்லாம் வழக்கம்போல்தான், கவலை வேண்டாம்" என்று எழுதியிருந்தார். நானும் அதை அப்படியே நம்பி, அஞ்சலட்டையை எங்கோ போட்டுவிட்டேன்.

நீ வர வேண்டும் என்று உன்னைக் குற்றப்படுத்த இதை எழுதவில்லை. உன் வேலையின் கணக்கு எனக்குத் தெரியும். ஆனால் நான் தொலைபேசியில் சொன்னது பொய் என்பது உனக்குத் தெரிந்திருக்கட்டும், நான் தெரிந்துகொள்ள முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தொகுப்பின் முதுகு விட்டுப்போயிருக்கிறது. உனக்கு அஞ்சலில் அனுப்பும் நிலையில் இல்லை, எனவே நேற்று இங்கே ஒரு பைண்டரிடம் கொடுத்தேன். பேரேட்டுத் தாள்கள் மற்ற பக்கங்களைவிட அகலமாக நீட்டிக்கொண்டிருப்பதைக் காட்டி, கட்டிங் மெஷினில் கொடுத்து ஓரத்தைச் சீராக வெட்டிவிடவா என்று கேட்டார். பென்சில் தேதிகள் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன. வேண்டாம் என்றேன். மேடும் பள்ளமுமாகப் பார்க்க நன்றாக இருக்காதே அம்மா என்றார். இருக்கட்டும் என்று சொல்லி, அவர் மெஷினிலிருந்து எடுத்து மேசையில் வைக்கும்வரை அங்கேயே நின்றுவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா