மலைக்குப் போகும் மகனுக்கு

அன்பு மகன் ஜெரினுக்கு,

மலைக்கு எடுத்துப்போக நீ பார்த்து வைத்திருக்கும் மூன்று கருவிகளின் படங்களையும் பார்த்தேன். மூன்றையும் ஜிபிஎஸ் என்று எழுதியிருக்கிறாய், ஆனால் மூன்றுக்கும் வேலை வேறு. அக்டோபரில் கொலராடோ மலையில் எல்க் மான் வேட்டைக்குப் போவதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சுறாத் தூண்டில் போட்டுப் பிழைத்தவன் மானுக்குப் பரிந்து பேசினால் நம் ஊர் தூத்தூரே சிரிக்கும். துப்பாக்கி என்றால் அம்மாவுக்குத்தான் பயம், அதை அவளிடமே பேசிக்கொள்.

முதலில் கைப்பேசி. டவர் இல்லாத இடத்திலும் அதன் ஜிபிஎஸ் வேலை செய்யும். வரைபடத்தை மட்டும் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள். மலையில் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடு, இல்லையென்றால் டவரைத் தேடித்தேடியே சார்ஜ் தீரும். நண்பர்கள் சொல்லும் ஆன்எக்ஸ் ஹன்ட் செயலிக்குத் தாராளமாகக் காசு கட்டு. எது அரசு நிலம், எது தனியார் நிலம் என்று அது கோடு போட்டுக் காட்டும். கொலராடோவில் தனியார் நிலத்துக்கு வேலியோ பலகையோ இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அனுமதி வாங்குவது வேட்டைக்காரன் பொறுப்பு. கண்ணுக்குத் தெரியாத கோட்டால் ராமேஸ்வரத்துக்காரர்கள் படும் பாடு உனக்குத் தெரியும். கோட்டை ஒட்டி நிற்காதே, சில மீட்டர் பிசகு எந்தக் கருவியிலும் உண்டு. (இதுவே பெரிய காரியம். 2000 மே மாதம் வரை அமெரிக்கா ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பியது, நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அந்தக் காலத்தில் கணியம் பார்க்க, அதாவது கரை அடையாளத்தை வைத்தே கடலில் இடம் கண்டுபிடிக்கத் தெரிந்த கிழவர்கள் எங்கள் ஜிபிஎஸ் பெட்டியைப் பார்த்துச் சிரித்ததில் நியாயம் இருந்தது.)

ஆனால் குளிரில் கைப்பேசி பேட்டரி சட்டென்று இறங்கும். கையுறையோடு திரையைத் தொட்டாலும் சரியாகக் கேட்காது. அதற்குத்தான் இரண்டாவது படத்தில் இருக்கும் எட்ரெக்ஸ் 32எக்ஸ் என்ற கையடக்க ஜிபிஎஸ். பொத்தான் உள்ளது, இரண்டு ஏஏ பேட்டரியில் 25 மணி நேரம் ஓடும். லித்தியம் ஏஏ வாங்கு, குளிரைத் தாங்கும். ஜிபிஎஸ்மேப் 67 என்ற மாடல் 180 மணி நேரம் வரை ஓடும் என்கிறார்கள், நல்லதுதான். ஆனாலும் பையிலிருந்து புதுப் பேட்டரி எடுத்துப் போடுகிற வசதிதான் எனக்குப் பிடிக்கும்.

இந்த இரண்டில் எது இல்லாவிட்டாலும் சமாளித்துவிடுவாய். மூன்றாவது படத்தில் இருக்கும், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் இன்ரீச் மினி 2-ஐ மட்டும் விட்டுவிடாதே. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் வந்தபோது நம் ஆட்களின் போட்டுகளில் ஜிபிஎஸ் இருந்தது. எந்த டிகிரி, எந்த மினிட்டில் நிற்கிறோம் என்று போட்டில் இருந்தவனுக்குத் தெரியும். வயர்லெஸ் எட்டாத ஆழ்கடலிலிருந்து அதைக் கரைக்குச் சொல்லத்தான் வழியில்லை. சின்னத்துறையிலும் வள்ளவிளையிலும் பெண்கள் கடற்கரையில் கிடந்ததை நீயும் பார்த்தாய். ஜிபிஎஸ் சிக்னலை வாங்கிக்கொள்ளும், பேசாது. இன்ரீச் இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாகப் பேசும். நூறு கிராம்தான் எடை. எஸ்ஓஎஸ் என்ற அவசரப் பொத்தானை அழுத்தினால் செய்தி மீட்பு மையத்துக்குப் போகும், அவர்கள் திருப்பிக் கேட்பார்கள், நீ பதில் எழுதலாம். சந்தா கட்ட வேண்டும், கட்டு. உன் ஐபோனிலும் செயற்கைக்கோள் வழி அவசர அழைப்பு இருக்கிறது என்றாய். இருக்கட்டும். ஆனால் வரைபடம், விளக்கு, கேமரா எல்லாமே அந்த ஒரு பேட்டரியில்தானே ஓடுகிறது?

இனி பழக்கம். வண்டியை விட்டு இறங்கியதும் அந்த இடத்தைக் குறித்துவிடு. சுட்டபின், நகருமுன், நின்ற இடத்தைக் குறி. மான் நின்ற இடத்தின் திசையும் தூரமும் பார்த்து அதையும் குறி. நடக்க ஆரம்பித்துவிட்டால் எல்லா மரமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இடத்தை இன்னொருவருக்குச் சொல்லும்போது டிகிரி-மினிட்டா, புள்ளி வைத்த டிகிரியா என்று முதலில் கேள். 39 டிகிரி 30 மினிட்டை 39.30 என்று ஒருவன் போட்டுவிட்டால் 22 கிலோமீட்டர் தள்ளிப் போய்த் தேடுவான். சாதாரண காம்பஸும் ஒன்று வைத்துக்கொள்; அங்கே முள் உண்மையான வடக்கிலிருந்து ஏழெட்டு டிகிரி கிழக்கே சாயும், நம் ஊர் மாதிரி கண்டுகொள்ளாமல் விட முடியாது.

தினமும் சாயங்காலம் ஒரு செய்தி அனுப்பு. அம்மா போனுக்கு வந்து சேருகிறதா என்று வீட்டு முற்றத்திலேயே அனுப்பிப் பார், வராவிட்டால் மின்னஞ்சலுக்கு மாற்றிக்கொள்.

இன்னொன்று மக்களே. கிறிஸ்மஸுக்கு வரும்போது இன்ரீச்சைக் கொண்டு வராதே. செயற்கைக்கோளோடு பேசும் கருவிக்கு இங்கே முன் அனுமதி வேண்டும். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் கனடாக்காரப் பெண் ஒருவரை இதற்காகவே பிடித்து வழக்குப் போட்டார்கள். அதை அங்கேயே வைத்துவிட்டு, தண்ணீர் புகாத ஹெட்லைட் ஒன்று வாங்கி வா. தம்பி போட்டுக்கு வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா