ஸ்மீட்டனை ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள்

சிவில் இன்ஜினியரிங் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். சிமென்ட் பாடம் தொடங்கும்போது, போர்ட்லண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை வாங்கியவரை 'ஜோசப் ஆஸ்ப்டின், 1824' என்று போர்டில் எழுதுகிறீர்கள். அதற்கு முன்னால், 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் பெயர் ஒரு வரி வந்தால் உண்டு. அந்த ஒரு வரியை இந்த வருஷம் ஒரு முழு வகுப்பாக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இங்கிலாந்தில் பிளிமத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் கடலுக்குள் இருக்கின்றன எடிஸ்டோன் பாறைகள். அங்கே முதலில் எழுந்த கலங்கரை விளக்கத்தை, கட்டிய வின்ஸ்டன்லியோடு சேர்த்தே 1703 புயல் கொண்டுபோனது. அடுத்து வந்த மரக் கோபுரம் 1755இல் எரிந்தது. மூன்றாவதைக் கட்டும் பொறுப்பு, கருவிகள் செய்து பிழைத்துவந்த ஸ்மீட்டனிடம் வந்தது. முழுக்கக் கல்லில்தான் என்று அவர் உறுதியாக நின்றார்.

சரி, கல்லை எதை வைத்து ஒட்டுவது? சாதாரணச் சுண்ணாம்புச் சாந்து காற்றுப் பட்டால்தான் இறுகும். அங்கேயோ கொத்துவேலை முடிந்த கையோடு அலை ஏறிவிடும். பல ஊர்ச் சுண்ணாம்பை வரவழைத்து, கெட்டியாகப் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாக்கித் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். கடினமான கல்தான் கெட்டியான சுண்ணாம்பு தரும் என்று காலங்காலமாக நம்பியிருந்தார்கள். மெத்தென்ற சீமைச்சுண்ணாம்புக் கல்லும் கடினமான பிளிமத் மார்பிளும் தந்த சுண்ணாம்பில் அவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. வேல்ஸ் கடற்கரையின் அபர்தா சுண்ணாம்போ தண்ணீருக்குள்ளேயே இறுகியது. ஏன்? அந்தக் கல்லை நைட்ரிக் அமிலத்தில் கரைத்தார். அடியில் தங்கியது களிமண்! அழுக்கு என்று ஒதுக்கியதுதான் நீரில் இறுகும் குணத்தைத் தந்திருக்கிறது. எனக்கு இந்த இடத்தில் இன்றும் உடம்பு சிலிர்க்கும். இன்றைய சிமென்ட் சூளையில் சுண்ணாம்புக்கல்லோடு களிமண் சேர்ப்பதற்கும் இதே வேதியியல்தான் அடிப்படை.

அபர்தா சுண்ணாம்போடு இத்தாலியிலிருந்து வந்த எரிமலைச் சாம்பல் மண்ணைக் கலந்து சாந்து தயாரானது. கற்களைத் தச்சர்களின் புறாவால் மூட்டு மாதிரி ஒன்றுக்குள் ஒன்று பூட்டும்படி செதுக்கினார்கள். ஒவ்வொரு கல் வரிசையையும் கரையிலேயே அடுக்கிச் சரிபார்த்த பிறகுதான் படகில் ஏற்றினார்கள். கடற்படைக்கு ஆள்பிடிப்பவர்கள் தொழிலாளிகளை இழுத்துப் போய்விடாமல் இருக்க, அவர்களுக்கு அடையாளப் பதக்கமும் கொடுத்தார் ஸ்மீட்டன். தயவுசெய்து இதையும் வகுப்பில் சொல்லுங்கள்.

1759 அக்டோபரில் 24 மெழுகுவர்த்திகளோடு விளக்கு எரியத் தொடங்கியது. 120 வருஷத்துக்கு மேல் கோபுரம் தாங்கியது. அடியிலிருந்த பாறையைத்தான் கடல் அரித்தது. 1882இல் புதுக் கலங்கரை விளக்கம் வந்த பிறகு மேல்பாகத்தைக் கழற்றிப் பிளிமத்தில் நிறுத்தினார்கள். அடிப்பாகம் இன்னமும் அந்தப் பாறைமேலேயே நிற்கிறது.

அப்புறம், ஒரு லேப் வகுப்பை இதற்கு ஒதுக்குங்கள். உள்ளூர்ச் சூளைச் சுண்ணாம்பும் சிமென்ட்டும் வாங்கிக் கொடுத்து, மாணவர்களையே உருண்டை பிடித்துத் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். எது கரைகிறது, எது இறுகுகிறது என்று அவர்கள் கையால் தொட்டுப் பார்த்த பிறகு போர்டில் 1824 என்று எழுதுங்கள்.

அன்புடன்,
கட்டுமானத் தொழிலில் இருக்கும் ஒருவன்