கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்று எங்களுக்கும் சொல்லுங்கள்

கொங்கு நாட்டில் இனிப்பகமும் பேக்கரியும் நடத்திவரும் உரிமையாளர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, ஈரோட்டில் உங்களுள் ஒருவருடைய கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்த நெய் மைசூர்பாகைக் காட்டி, "ஒரு துண்டு எத்தனை கிராமுங்க இருக்கும்?" என்று கேட்டேன். இடுக்கியோடு நின்றிருந்த தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பலகாரம் சாப்பிடறதுக்குக் கூடவா கணக்கு?" என்றார். எனக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பக்கத்திலேயே இருந்த தராசில் ஒரு துண்டை வைத்துக் காட்ட முடியுமா என்று கேட்டதற்கு, ஒற்றைத் துண்டுக்கெல்லாம் எடை போடுவதில்லை என்றும், கால் கிலோ வாங்குவதாக இருந்தால் போட்டுத் தருவதாகவும் பதில் வந்தது. அந்தத் தம்பியின் மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்காத ஒன்றை அவரிடம் போய்க் கேட்டது என் பிழை என்பதால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

என் தாயாருக்கு 68 வயது ஆகிறது. முழங்கால் தேய்ந்துவிட்டதால் உடல் எடையைக் குறைத்தே ஆகவேண்டும் என்று மருத்துவர் கூறிவிட்டார். உணவு ஆலோசகர் நாளொன்றுக்கு 1,400 கலோரி என்று வரையறுத்து, இனிப்பை அடியோடு நிறுத்தினால் ஒளித்துவைத்துச் சாப்பிடுவார்கள் என்பதை அறிந்தவராக, அதில் 150 கலோரியை இனிப்புக்கென்றே ஒதுக்கிக் கொடுத்தார். இந்த 150 கலோரிக்கு எவ்வளவு மைசூர்பாகு என்பதுதான் ஆறு மாதமாக எங்கள் வீட்டின் தீராத வழக்காக இருக்கிறது.

முதலில் தீப்பெட்டி அளவு என்று கண்ணால் கணக்கிட்டுப் பார்த்தோம். அது சரிப்படவில்லை. பழைய பாணியில் கிளறிய மைசூர்பாகு உள்ளெல்லாம் துளை விழுந்து மொறுமொறுவென்று இருக்கும். இன்று பெரும்பாலும் கிடைக்கும் நெய் மைசூர்பாகோ துளையே இல்லாமல் வழுவழுவென்று இறுகி நிற்கும். இரண்டையும் ஒரே தீப்பெட்டி அளவுக்கு நறுக்கினாலும் இரண்டாவதுதான் தராசை அதிகம் தாழ்த்தும். ஜாங்கிரியையும் குலாப் ஜாமூனையும் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவை எவ்வளவு பாகு குடித்திருக்கின்றன என்பது அவற்றுக்கே வெளிச்சம். கைப்பேசிச் செயலியைத் திறந்தால் 'ஒரு துண்டு' என்று எழுதி ஓர் எண்ணைக் காட்டுகிறது. எந்த ஊர்க் கத்தி வெட்டிய துண்டு என்று அதில் இல்லை. நம் பக்கத்துப் பலகாரங்களான ஒப்புட்டையும் கச்சாயத்தையும் அந்தச் செயலி கேள்விப்பட்டதாகவே தெரியவில்லை.

ஆகவே சமையலறைக்கென்று ஒரு சிறு மின்னணுத் தராசு வாங்கினேன். ஒரே கடையில், ஒரே பெயருடைய மைசூர்பாகில், அடுத்தடுத்த மூன்று வாரங்களில் ஒரு துண்டின் எடை 38 கிராம், 51 கிராம், 62 கிராம் என்று வந்தது. சர்க்கரை கிராமுக்கு 4 கலோரி, நெய் ஏறத்தாழ 9 கலோரி, கடலை மாவு 4-க்குச் சற்றுக் குறைவு. நெய் தாராளமாக விட்ட மைசூர்பாகு கிராமுக்கு 5 கலோரிக்குக் குறையாது. அப்படியானால் முதல் வாரத்துத் துண்டு 190, மூன்றாம் வாரத்துத் துண்டு 310. இரண்டையும் நாங்கள் ஏட்டில் 'ஒரு துண்டு' என்றே எழுதியிருப்போம். இடையில் மறைந்து போன 120 கலோரி, ஏறத்தாழ இரண்டு இட்லிக்குச் சமம். காலையில் நான்கு இட்லியில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு எழுந்தவருக்கு அது சிறிய கணக்கில்லை.

ஒரு நாள் மாலை நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். கோபிசெட்டிபாளையத்தில் நாங்கள் இருந்த தெருவில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் கச்சாய மாவுக்குப் பக்குவம் பார்க்க என் தாயாரைத்தான் கூப்பிடுவார்கள். இருநூறு பேருக்குக் கையளவிலேயே வெல்லம் போட்டுப் பிசகாமல் பாகு காய்ச்சியவர் அவர். அன்று அவரே பெட்டியைத் திறந்து, ஒரு துண்டை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தராசில் வைத்தார். 58 என்று காட்டியது. கத்தியை எடுத்துப் பாதியாக நறுக்க முயன்றபோது அது உதிர்ந்து தட்டெல்லாம் தூளாயிற்று. தூளை விரலால் ஒன்றுசேர்த்துத் திரும்ப நிறுக்க நான் போவதைப் பார்த்ததும், "வேண்டாஞ் சாமி, உடு" என்று சொல்லிப் பெட்டியை மூடிவிட்டார். அதற்குப் பின் அவர் இனிப்புக் கேட்பதேயில்லை. கலோரி குறைந்தது என்று ஆலோசகர் மகிழ்ந்தார். எனக்கு மகிழ்ச்சி வரவில்லை.

உங்களுக்கு இந்த எடை தெரியாது என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். கல்யாணத்துக்கு லட்டு சொல்லப் போனால், "கிலோவுக்கு இருபது நிற்குங்க, பெருசாப் புடிச்சா பதினாறுதான் நிற்கும்" என்று உங்கள் மேற்பார்வையாளர் யோசிக்காமல் சொல்கிறாரே! இருபது நின்றால் ஒன்று 50 கிராம். பதினாறு நின்றால் 62 கிராமுக்குச் சற்று மேல். ஒரு தட்டில் எத்தனை கிலோ கொட்டினீர்கள், அதில் எத்தனை துண்டு வெட்டினீர்கள் என்பது தெரியாமல் நீங்கள் விலை வைத்திருக்க முடியாது. விலைக்கு வேண்டியபோது தெரிகிற எடை, வாங்குபவர் கேட்டால் மட்டும் ஏன் வேடிக்கையாகிவிடுகிறது?

சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதை நானும் அறிவேன். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், பரிமாறும் அளவையும் அதன் கலோரியையும் உணவுப் பட்டியலில் காட்டும் பொறுப்பை மத்திய உரிமம் பெற்ற உணவகங்களுக்கும், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ளவர்களுக்கும்தான் விதித்திருக்கின்றன. உங்களில் பலர் ஒற்றைக் கடை வைத்திருப்பவர்கள். நான் கலோரியைக் கேட்கவுமில்லை. அதை நானே பெருக்கிக்கொள்வேன். கிராமை மட்டும் எழுதி வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். சில்லறையாக விற்கும் இனிப்புகளின் தட்டில், எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்று காட்டும் அட்டையை 2020 அக்டோபர் 1 முதல் வைக்கச் சொன்னார்கள், வைத்தீர்கள். அதே அட்டையில் இன்னும் ஒரு வரிக்கு இடமிருக்கிறது.

எழுதுவதற்கு உங்களிடம் மையில்லை என்றும் சொல்ல முடியாது. 'நாட்டுச் சர்க்கரையில் செய்தது, கவலையின்றிச் சாப்பிடலாம்' என்று ஓர் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறீர்கள். கவுந்தப்பாடிச் சர்க்கரையின் மணத்துக்கு நானும் அடிமைதான். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே அது போகிறது. ஆனால் நாட்டுச் சர்க்கரையும் வெள்ளைச் சர்க்கரையும் கலோரியில் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதை அந்தப் பலகை சொல்வதில்லை. 'சுகர் ஃப்ரீ' என்ற பலகைக்குக் கீழே இருக்கும் லட்டில் நெய் வழிகிறது. நெய்க்கு யார் ஃப்ரீ கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. ஐஸ்கிரீமை மில்லிலிட்டரில் விற்கிறார்கள். ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராமுக்குக் குறையக் கூடாது என்பதுதான் விதி என்றால், மீதி இடத்தில் இருப்பது பெரும்பாலும் காற்று என்று பொருள். காற்றுக்குக் கலோரி இல்லை என்ற ஓர் ஆறுதலாவது அதில் உண்டு.

கோபத்தில் சற்று அதிகமாகவே பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது ஒன்றுதான். ஒவ்வொரு இனிப்புக்கும் 'ஒரு துண்டு ஏறத்தாழ இத்தனை கிராம்' என்று எழுதி வையுங்கள். ஐந்து கிராம் முன்பின் இருந்தால் யாரும் உங்களோடு சண்டைக்கு வரப்போவதில்லை. கையால் வெட்டுவது அப்படித்தான் இருக்கும். பாகில் ஊறியவற்றைப் பாகு வடித்து நிறுத்ததா, பாகோடு நிறுத்ததா என்று சொன்னால் போதும். பேக்கரிக்காரர்கள் தேங்காய் பன்னுக்கும், தேன் கேக்குக்கும், முக்கோணமாக வெட்டித் தரும் தில்பசந்துக்கும் இதையே செய்யலாம். ஒற்றைத் துண்டை நிறுத்துக் காட்டச் சொல்லிக் கேட்பவரைச் சிரிக்காமல் தராசின் பக்கம் அழைத்துப் போகும்படி உங்கள் பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவைத்தால், அது பெரிய உதவியாக இருக்கும்.

தீபாவளிக்குத் தட்டுகள் ஏறுவதற்கு முன்பாக இதைச் செய்வீர்களானால், 30 கிராமுக்கு வெட்டிய துண்டு எந்தக் கடையில் இருக்கிறதோ அந்தக் கடையிலிருந்து என் தாயாருக்கு ஒன்று வாங்கிப் போவேன். அதை அவர் நறுக்க வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாடிக்கையாளன்,
ஈரோடு.