மாலை கழற்றிய மறுநாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புத்தாண்டில் எடுக்கும் தீர்மானங்கள் தை பிறப்பதற்குள் கலைந்துவிடுவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். மனவுறுதி இல்லாமையே காரணம் என்று அதில் முடிவு கட்டப்பட்டிருந்தது. அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்கு எதிரான சான்று ஆண்டுதோறும் நம் தெருக்களிலேயே கிடைக்கிறது.

கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களில், நாள் தவறாமல் குடித்துவந்தவர்களும் கணிசமாக உண்டு. அவர்கள் அன்றிலிருந்து ஒரு மண்டலம், அதாவது 41 நாளோ 48 நாளோ, மதுவைத் தொடுவதில்லை. புகையும் புலாலும் கூட அந்த நாட்களில் கிடையாது. ஆனால் மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றிய அன்று இரவே அவர்களில் பலர் பழையபடி கடை வாசலில் நிற்கிறார்கள். மனவுறுதி இல்லாதவர் ஒரு மண்டலம் தாக்குப்பிடித்திருக்க முடியாது. ஆகவே, அந்த நாட்களில் அவரைத் தாங்கி நின்றது எது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

மாலை போட்டவரின் ஒரு நாளைக் கவனித்தால் அது விளங்கும். விடியுமுன் குளியல், பூசை. வேலை முடிந்து வந்ததும் மறுபடியும் குளியல், அதன்பின் ஏதாவது ஒரு சாமி வீட்டில் பஜனை, அன்னதானம். குடிக்கப் போகிற அந்த ஆறரை மணியிலிருந்து ஒன்பது மணி வரையிலான பொழுது அவர் கையில் வெறுமையாக இருப்பதே இல்லை. கறுப்பு வேட்டியும் துளசி மாலையும் அவர் யார் என்பதை ஊருக்கே சொல்லிவிடுகின்றன. தெருப் பிள்ளைகள் முதல் கடை முதலாளி வரை எல்லோரும் "சாமி" என்றே அழைக்கிறார்கள். தினமும் கூட்டுச் சேர்ந்து குடிக்கும் நண்பரே, "மாலை போட்டிருக்கீங்க சாமி, நீங்க போய்ட்டு வாங்க" என்று வழிவிட்டு ஒதுங்குகிறார். தடுமாறினால் கேட்பதற்குக் குருசாமி இருக்கிறார். வீட்டில் மனைவி அவருக்கு முன்பே எழுந்து, குளித்து, சுத்தமாகச் சமைத்து, தானும் பாதி விரதம் இருக்கிறார். இந்த உழைப்பை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பது வேறு வருத்தம். இத்தனையும் சேர்ந்துதான் அந்த மனிதரைத் தாங்குகின்றன. மாலையைக் கழற்றும்போது இவை அனைத்தும் ஒரே நாளில் விலகிவிடுகின்றன. ஆறரை மணி மட்டும் மறுநாளும் வருகிறது.

பழக்கம் படிவதற்கு 21 நாள் போதும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரிடம் நடத்திய ஆய்வு வேறுவிதமாகச் சொன்னது. தண்ணீர் குடிப்பது, நடப்பது போன்ற எளிய பழக்கங்கள் இயல்பாகிவிடவே சராசரியாக 66 நாட்கள் ஆகும் என்றும், ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபடும் என்றும் அவர்கள் கணித்தார்கள். எளிய பழக்கத்துக்கே இவ்வளவு நாள் என்றால், ஆண்டுக்கணக்கில் ஊறிய குடியை ஒரு மண்டலம் வேரோடு பிடுங்கிவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. இடையில் ஒரு நாள் தவறியது அப்பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதையும் அதே ஆய்வு கண்டது. நம் விரத மனப்பான்மை இதற்கு நேர் எதிரானது. ஒரு முறை தவறினால் விரதமே கெட்டது என்று எண்ணுகிறோம். அந்தக் கண்டிப்பு 48 நாளுக்குத் துணை நிற்கிறது. அதற்குப் பின் அதுவே ஆளைக் கவிழ்த்துவிடுகிறது. பொங்கலன்று ஒரு குவளை குடித்தவர், "எல்லாம் போச்சு, இனி என்ன" என்று மொத்தமாகத் திரும்பிவிடுகிறார். வீட்டாரும் அதையே சொல்லி அவரை இடித்துரைக்கிறார்கள்.

ஆகவே குருசாமிகளுக்கு என் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. மாலையைக் கழற்றிய பிறகும் பங்குனி வரையிலாவது, வாரத்தில் இரண்டு மூன்று நாள், அதே நேரத்தில் அதே சாமிகளைக் கூட்டி வையுங்கள். பஜனையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கோயில் உழவாரப் பணியோ இளைஞர்களுக்கான கைப்பந்தோ கூடப் போதும். 1935இல் அமெரிக்காவில் தொடங்கி, இன்று நம் ஊர்களிலும் இயங்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' குழுக்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். குடியை விட்டவர்களும் விட விரும்புகிறவர்களும் குறித்த நேரத்தில் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறார்கள். நண்பர்களிடமும் ஒன்று கேட்கிறேன். மாலை இருந்தபோது காட்டிய மரியாதையை, கழுத்து வெறுமையாக இருக்கும்போதும் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் மறுமுறை அழைக்காதீர்கள்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களுக்குள் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை ஆகியவை வரலாம்; சிலருக்கு வலிப்பும் சித்தக் கலக்கமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதை தெய்வக் குற்றம் என்றோ விரதச் சோதனை என்றோ எண்ணி வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது. இப்படிப்பட்டவர்கள் மாலை போடுவதற்கு முன்பே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் இதற்குச் சிகிச்சை கிடைக்கிறது. அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

ஐயப்ப பக்தர்களுக்கான சிறப்புப் பேருந்து, ரயில் விவரங்களைத் தங்கள் நாளிதழ் ஆண்டுதோறும் தவறாமல் வெளியிடுகிறது. வரும் கார்த்திகையிலிருந்து அந்தச் செய்திகளுக்கு அருகிலேயே இந்த எண்ணையும், அந்தந்த மாவட்டத்தில் போதை மீட்புச் சிகிச்சை கிடைக்கும் மருத்துவமனைகளின் பட்டியலையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மகரவிளக்கு முடிந்து எல்லோரும் ஊர் திரும்பும் வாரத்தில் இன்னொரு முறையும் வெளியிட்டால் பெரிதும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
திண்டுக்கல்.