புகார்ப் பெட்டியின் சாவி யாரிடம்?

குழந்தைகள் காப்பகங்களையும், முதியோர், மாற்றுத்திறனாளி இல்லங்களையும் நடத்தும் அறங்காவலர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். உங்கள் இல்லத்தில் இருக்கும் ஒருவருக்கு அங்கே வேலை பார்ப்பவராலேயே தீங்கு நடந்தால், அவர் அதை யாரிடம் போய்ச் சொல்வார்? வார்டனிடம் என்பதுதான் பெரும்பாலும் பதில். சரி, தீங்கு செய்தவரே வார்டன் என்றால்? புகார்ப் பெட்டி வைத்திருக்கிறோம் என்பீர்கள். அதன் சாவி யாரிடம் இருக்கிறது? எழுதத் தெரியாத பிள்ளைக்கும், கை நடுங்கும் பெரியவருக்கும், பேச்சே வராதவருக்கும் அந்தப் பெட்டியால் என்ன பயன்?

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகே விண்டர்போர்ன் வியூ என்றொரு தனியார் மருத்துவமனை இருந்தது. அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கான இடம். ஊழியர்கள் அவர்களை அடித்ததையும் அவமானப்படுத்தியதையும் ரகசியக் கேமராவில் பதிவு செய்து 2011-ல் பிபிசி ஒளிபரப்பியது. 11 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் 6 பேர் சிறைக்குப் போனார்கள். இதில் என்னை உறுத்துவது வேறொன்று. அங்கே வேலை பார்த்த செவிலியர் ஒருவர் முன்பே நிர்வாகத்திடம் புகார் கொடுத்திருந்தார். கண்காணிப்பு ஆணையத்துக்கும் அது போனது. ஒன்றும் நடக்கவில்லை. அந்த இடத்திலிருந்து காவல்துறைக்குத் தகவல்களும், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நோயாளிகளும் அவ்வப்போது போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். உங்களிடம் சம்பளம் வாங்காத, உங்கள் உறவினரும் அல்லாத ஒருவர், முன்னறிவிப்பின்றி, இரவிலும் உள்ளே வரட்டும். இல்லத்தில் இருப்பவர்களோடு ஊழியர் யாரும் பக்கத்தில் நிற்காமல் பேசட்டும். இது புதுமையான கோரிக்கை இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான சேவைகளைச் சுதந்திரமான அமைப்புகள் கண்காணிக்க வேண்டும் என்று 2006-ம் ஆண்டின் ஐநா உடன்படிக்கை, 16-ம் பிரிவில் சொல்கிறது. பராமரிப்புக்காக அரசு ஓரிடத்தில் சேர்த்த குழந்தையின் நிலைமையை அவ்வப்போது மறுஆய்வு செய்வது அந்தக் குழந்தையின் உரிமை என்று 1989-ம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையும் 25-ம் பிரிவில் சொல்கிறது.

மூலைக்கு மூலை கேமரா இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது தாழ்வாரத்தைப் பார்க்கும். குளியலறையில் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது.

வருகிறவருக்கு எதைப் பார்ப்பது என்றும் தெரிந்திருக்க வேண்டும். ஓடியாடும் பிள்ளைக்கு முழங்காலில் அடிபடுவது இயல்பு. காதிலும் கழுத்திலும் மேல்கையின் உட்புறத்திலும் காயம் இருந்தால் கேள்வி கேட்டே ஆக வேண்டும். குறிப்பிட்ட ஒருவர் ஷிஃப்டுக்கு வந்தால் மட்டும் ஒரு பெரியவர் குளிக்க மறுக்கிறாரா? கலகலப்பாக இருந்தவர் பகலெல்லாம் தூங்கி வழிகிறாரா? மருந்துச் சீட்டை வாங்கிப் பாருங்கள். ஆள் பற்றாக்குறையைத் தூக்க மருந்தால் சமாளிக்கும் இடங்கள் உண்டு. பேச முடியாதவர்கள் இப்படித்தான் புகார் சொல்கிறார்கள், 'அடம்' என்று பதிவேட்டில் எழுதிவிடாதீர்கள்.

ஒரு பிள்ளை வாய் திறந்து சொல்லிவிட்டால், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். துருவித் துருவிக் கேட்கவும் வேண்டாம். அது சொன்ன வார்த்தைகளையே நேரத்தோடு எழுதி, அன்றே சட்டப்படி உரிய அதிகாரியிடம் கொடுங்கள். "முதலில் நாங்களே விசாரிக்கிறோம்" என்று நீங்கள் எடுக்கும் ஒரு வாரம், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பிள்ளையை மிரட்டக் கிடைக்கும் ஒரு வாரம்.

அப்புறம், இல்லத்தின் பெயர் கெட்டுவிடுமே என்று அவரிடம் ராஜினாமா கடிதம் வாங்கிக்கொண்டு, கூடவே நன்னடத்தைச் சான்றிதழும் கொடுத்து அனுப்புகிறீர்களே, அவர் அடுத்து எங்கே வேலைக்குப் போவார் என்று நினைக்கிறீர்கள்? அவருக்குத் தெரிந்த வேலை இதுதான். இன்னொரு இல்லத்துக்குத்தான் போவார். அங்கிருந்து யாராவது விசாரித்தால் உள்ளதைச் சொல்லுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் அந்த வெளியாள் யார் என்று முடிவு செய்யுங்கள். அவருடைய தொலைபேசி எண்ணைச் சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண்மட்டத்தில், பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். அந்த எண்ணை அழைக்க ஒரு தொலைபேசியும் வேண்டும், அது அலுவலக அறைக்குள் இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
இல்லம் ஒன்றில் இருப்பவரின் உறவினர்