ஒலிக் கணக்கை விடு, பெடலை மிதி

அன்புள்ள முரளி,

பதில் போடாமல் இழுத்தடித்ததற்கு நீ திட்டியதெல்லாம் வரவில் வைத்துக்கொண்டேன். இங்கே எல்லாரும் சுகம். செல்வத்துக்குப் பெண் அமைந்துவிட்டது. மீதியை அவனே சொல்வான், சொல்லாமல் விடமாட்டான். இனி உன் டிரம் கிட் புராணத்துக்கு வருகிறேன்.

மூன்று எலெக்ட்ரானிக் கிட்களை எழுதி, எதிரே எத்தனை ஒலிகள் என்று கட்டம் போட்டு அனுப்பியிருக்கிறாயே, நம் கணக்கு வாத்தியார் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஆனால் அந்தக் கட்டப்படி பார்த்தால் அலெசிஸ் நைட்ரோ மேக்ஸ் ரோலண்டைத் தோற்கடித்துவிடும். அதில் 440க்கு மேல். ரோலண்ட் டிடி-17இன் மாட்யூலில், அதாவது ஒலிகள் குடியிருக்கும் பெட்டியில், 300க்குச் சற்று மேல். அடேய், நீ வாசிக்கப்போவது ஏழெட்டு ஒலிகள். போதாவிட்டால் யூஎஸ்பி கம்பியைக் கணினியில் செருகி எந்த டிரம் மென்பொருளின் ஒலியையும் எடுத்துக்கொள்ளலாம். கணினி ஒலியைச் சேர்த்துச் சேர்த்து அனுப்பும் தவணைக்குப் பஃபர் என்று பெயர், அதை 128 சாம்பிளில் வை. 48 கிலோஹெர்ட்ஸில் அது 2.7 மில்லிசெகண்ட்தான். 512 என்று விட்டுவைத்தால் அதுவே 10.7 ஆகும், ஆடியோ இன்டர்ஃபேஸின் தாமதமும் சேர்ந்து அடிக்கும் கைக்கும் கேட்கும் காதுக்கும் நடுவே இடறும். ப்ளூடூத் ஹெட்போன் பக்கமே போகாதே. ப்ளூடூத் ஃபோனிலிருந்து பாட்டை உள்ளே கொண்டுவர மட்டும். நீ வாசிப்பதைக் கேட்கக் கம்பி ஹெட்போன், அதிலும் காதை மூடும் வகை.

ஒலியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கையும் காலும் படும் இடத்தை அப்படி மாற்ற முடியாது. அதிலும் முதலில் ஹை-ஹாட், காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு. நைட்ரோ மேக்ஸில் ஹை-ஹாட் என்பது அசையாத பேட் (குச்சியால் அடிக்கும் தட்டு) ஒன்றும் தனிப் பெடல் ஒன்றும். மிதித்தால் ஒலி மாறும், பேட் இருந்த இடத்திலேயே இருக்கும். ரோலண்ட் டிடி-17கேவிஎக்ஸில் வரும் விஎச்-10, யமஹா டிடிஎக்ஸ்6கே3-எக்ஸில் வரும் ஆர்எச்எச்135 இரண்டும் நிஜ ஹை-ஹாட் ஸ்டாண்டில் உட்கார்ந்து, கால் அழுத்த இறங்கி ஏறும். பெயரின் கடைசி எழுத்து வரை படி. டிடி-17கேவி என்று முடிந்தால் விஎச்-10 கிடையாது. யமஹாவிலும் கே-எக்ஸ், கே2-எக்ஸ் இரண்டுக்கும் தனிப் பெடல்தான். இன்னொன்று: கேவிஎக்ஸ் பெட்டிக்குள் ஹை-ஹாட் ஸ்டாண்டும் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) பெடலும் ஸ்டூலும் இருக்காது. உன் கட்டத்தில் அந்த மூன்றுக்கும் இடமே இல்லை.

கடையில் இப்படிப் பார். பெடலை மெதுவாக, மிக மெதுவாக, திறந்த நிலையிலிருந்து மூடிக்கொண்டே ஒரு எண்ணிக்கைக்கு இரண்டு அடியாக அடி. ஒலி வழுக்கிக்கொண்டு சுருங்க வேண்டும்; திறப்பு, பாதி, மூடல் என்று படிப்படியாகத் தாவினால் அதை விட்டுவிடு. பிறகு குச்சி இல்லாமல் காலால் மட்டும் 'சிக்', அப்புறம் தட்டிவிட்டு எடுக்கும் ஸ்பிளாஷ். இரண்டும் தனித்தனியாகக் கேட்கிறதா? கணினி இருந்தால் மிடி கன்ட்ரோலர் 4ஐப் பார், பெடலின் நிலையை எண்ணாகக் காட்டுவது அதுதான். 0 முதல் 127 வரையான அளவில் எண்கள் தாவாமல் ஒழுங்காக ஓட வேண்டும். விஎச்-10 தப்பாக நடந்துகொண்டால் பெரும்பாலும் ஆஃப்செட் (மாட்யூலுக்குச் சொல்லிவைக்கும் தொடக்க நிலை) வைக்காததுதான் காரணம். மேல்பகுதியைத் தண்டோடு பிடித்திருக்கும் கிளட்ச் திருகைத் தளர்த்தி, மேல்பகுதி சென்சார் மேல் தானாகப் படியவிட்டு, பெடலைத் தொடாமல் மாட்யூலில் ஆஃப்செட் வைத்துவிட்டு, அதன் பின் தூக்கி இறுக்கச் சொல்.

"இப்போது மலிவானது, பிறகு ரோலண்ட் ஹை-ஹாட் மட்டும் சேர்ப்பேன்" என்று எழுதியிருந்தாய். கம்பி முனை ஒன்றாக இருப்பதால் எல்லாம் ஒன்றாகிவிடாது. சில பேடுகளில் நடுவுக்கும் ரிம் என்கிற ஓர வளையத்துக்கும் ஆளுக்கொரு பீசோ, அதாவது அதிர்வை உணரும் சென்சார்; சிலவற்றில் நடுவுக்குப் பீசோ, ஓரத்துக்கு ஸ்விட்ச். மாட்யூல் எதிர்பார்ப்பது ஒன்றாகவும் பேட் வேறாகவும் இருந்தால் ரிம் ஊமையாகிவிடும். ஹை-ஹாட் கன்ட்ரோலர் இன்னும் முரடு. ஒரு கம்பெனியுடையது இன்னொன்றில் தலைகீழாக வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம்.

பிறகு ஸ்நேர், உன் முன்னால் இருக்கும் முக்கிய டிரம். அதன் நடுவில் ஒரு அடி, ஓரத்தில் அதே பலத்தில் ஒரு அடி. நடுவில் மட்டும் திடுக்கென்று சத்தம் கூடினால், கீழே இருக்கும் சென்சார் கூம்பின் வேலை அது. பிறகு மெல்லிய கோஸ்ட் நோட்கள், குச்சியை அழுத்தித் துடிக்கவிடும் ஒரு 'பஸ்ஸ்' ரோல். கிக்கை வலுவாக மிதிக்கும்போது ஸ்நேர் தானாக ஒலிக்கிறதா? அது கிராஸ்டாக், பேடுகளைத் தாங்கும் சட்டமான ரேக்கின் அதிர்வு பேடுக்குப் போகிறது. கிராஸ்டாக் கேன்சலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று, எடுத்த எடுப்பில் த்ரெஷோல்டை (எவ்வளவு மெல்லிய அடி வரை ஏற்பது என்ற எல்லையை) ஏற்றாதே; ஏற்றினால் உன் கோஸ்ட் நோட்களும் சேர்ந்து காணாமல் போகும். ஒரே அடிக்கு இரண்டு ஒலி வந்தால் மெஷ் என்கிற வலைத் தோல் தொளதொளவென்று இருக்கிறதா என்று பார். எதிரெதிர் திருகுகளாக, அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்கினாலே பாதி தொல்லை தீரும்.

முரளி, இதை மட்டும் கேலியில்லாமல் படி. மணிக்கட்டு வலிக்கிறது என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். முதலில் டாக்டரிடம் காட்டு. கிட் எங்கேயும் ஓடிவிடாது. கெட்டி ரப்பர் பேட் வேண்டவே வேண்டாம், அடியின் அதிர்ச்சி அப்படியே கைக்குத் திரும்பும். யமஹாவின் சிலிக்கோன் பேட் அதைவிட மென்மை, துள்ளலும் அளவாக இருக்கும். மெஷ் கைக்கு இன்னும் இதம். ஆனால் குச்சியை அதுவே எம்பவைப்பதால் நீ வாசிக்காத டபுள்களையும் (ஒரே கையின் இரட்டை அடிகளையும்) வாசித்ததாக நினைக்கவைக்கும். நிஜ டிரம்மில் உட்காரும்போது குட்டு உடையும். பாலுவுக்கு நடந்தது ஞாபகம் இருக்கிறதல்லவா! இருந்தாலும் உன் கை இருக்கும் நிலைக்கு மெஷ்தான். 12 அங்குல ஸ்நேரும் விஎச்-10உம் இருப்பதால் என் ஓட்டு கேவிஎக்ஸுக்கு.

எனக்கு உண்மையான கவலை கீழ்வீட்டுக்காரர்கள். குச்சிச் சத்தம் கதவோடு நின்றுவிடும். கிக்கின் அதிர்வு தரை வழியாக இறங்கும், கம்பளம் அதைத் தடுக்காது. இரண்டு 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகைகள் எடு. இரண்டிலும் ஒன்றுக்கொன்று நேராக, 5 சென்டிமீட்டர் விட்டத்தில் துளைகள். டென்னிஸ் பந்து உட்கார வேண்டும், நழுவி வெளியே போகக்கூடாது. நடுவில் பந்துகளை வைத்தால் பலகைகளுக்கு இடையே ஏறக்குறைய 4.5 சென்டிமீட்டர் இடைவெளி நிற்கும், கனம் ஏற ஏறக் கொஞ்சம் குறையும். அடியில் ரப்பர் விரிப்பு போடு. ஸ்டூலும் கிக்கும் நிற்கும் இடத்தில் பந்துகளை நெருக்கமாக வை, கனம் அங்கேதான். பலகைகள் எங்கேயும் ஒன்றையொன்று தொடக்கூடாது, மேல்பலகை சுவரிலும் இடிக்கக்கூடாது. ஒரு மூலை தொட்டாலும் அதிர்வுக்கு அதுவே வழி.

ரேக்கின் கால்களை விரித்துவைத்து, ஸ்டூலையும் சேர்த்து நீள அகலம் அளந்து அனுப்பு. துளைகளுக்குப் படம் வரைந்து தருகிறேன். அதுவரை பலகையில் ரம்பம் வைக்காதே.

உன்
ரமணி